இரண்டு மில்லிகிராம் சாட்சியம்

(கோயம்புத்தூரில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மங்கலமான விஷயங்களைப் பேசுவோர்க்கே மாலை போட்டு மேடையேற்றும் வழக்கமுள்ள நம் ஊரில், மலப் பரிசோதனையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும்படி ஆய்வுக்கூடத்துக்காரன் ஒருவனை அழைத்த இம்மன்றத்தாரின் துணிவை முதலில் பாராட்டுகிறேன். சபை மரியாதையை உத்தேசித்து அந்தச் சொல்லைக் கூடியவரை குறைத்தே சொல்வேன். முற்றிலும் தவிர்க்க இயலாது. மனிதக் குடலில் வாசம் செய்யும் புழுக்களிற் பெரும்பாலானவை தம் சந்ததியை வெளியுலகுக்கு அனுப்பும் மார்க்கம் அது ஒன்றே. ஆகையால் அவற்றை நிர்ணயம் செய்ய விரும்புகிறவனும் அங்கேதான் போய் நின்றாக வேண்டும்.

கொங்கு நாட்டுத் தாய்மார்களிடம் இதற்கெனப் பரம்பரையாக வந்த நிர்ணய முறை ஒன்று உண்டு. "ராத்திரியெல்லாம் பல்லை நறநறன்னு கடிக்கிறானுங்க, கன்னத்துல வெள்ளை வெள்ளையாத் தேமல் வந்திருக்குதுங்க, பூச்சிதானுங்களே?" என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்கும் தாயை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பல் கடிப்பது புழுவே இல்லாத பிள்ளைகளிடமும் காணப்படுவது. கன்னத்துத் தேமல் பெரும்பாலும் தோலின் வறட்சியைச் சார்ந்தது. மண் தின்னும் பழக்கம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டக்கூடுமேயன்றி, அக்குறைவுக்குக் காரணம் புழுவா, போதாத ஆகாரமா என்பதை அது சொல்லாது. எனவே டாக்டர் பரிசோதனைக்கு எழுதுகிறார்; மறுநாள் "ஓவா, சிஸ்ட் – நில்", அதாவது முட்டை முதலியன இல்லை, என்று அச்சிட்ட தாள் வருகிறது; தாயோ அதை நம்பாமல், வழியிலுள்ள மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக்கொண்டே வீடு திரும்புகிறாள். இந்த அவநம்பிக்கையில் எனக்கு அனுதாபம் உண்டு. அவள் சொல்லும் காரணம் தவறானது. ஆனால் அந்தத் தாளை முழுதும் நம்பக்கூடாது என்ற அவளுடைய முடிவு பல சமயங்களில் சரியானதே. ஏனெனில், எவ்வளவு மலத்தை, எந்த முறையால், அது வெளிப்பட்டு எத்தனை நேரத்துக்குப் பின் பார்த்தார்கள் என்ற விவரங்கள் அந்தத் தாளில் இருப்பதில்லை; அவை தெரியாதவரை, "நில்" என்பது பிள்ளையின் குடலைப் பற்றிய செய்தியாகாது, பரிசோதனையைப் பற்றிய செய்தியாகவே நிற்கும். இன்று நான் விரித்துரைக்கப் போவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது விளங்கும். தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணும் கொக்கிப்புழு நெகேடர் அமெரிக்கானஸ் என்னும் ஜாதி. அதன் பெண் ஒன்று நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். நாம் 6,000 என்று வைத்துக்கொள்வோம்; ஒரு நாளைய மலம் 150 கிராம் என்றும், முட்டைகள் அதில் ஒரே சீராகக் கலந்திருக்கின்றன என்றும் கொள்வோம். கிராமுக்கு 40 முட்டை வருகிறது. சாதாரண ஆய்வுக்கூடத்தில், குச்சி நுனியால் எள்ளளவு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரில் குழைத்து, மேலே மெல்லிய மூடுகண்ணாடியை வைத்துப் பார்க்கும் நேரடி முறையில் கண்ணுக்கு முன் வருவது ஏறத்தாழ 2 மில்லிகிராம். அதில் எதிர்பார்க்கத்தக்கது 0.08 முட்டை, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று தகடுகளைப் பொறுமையாகத் தேடினால் ஒன்றில் ஒரு முட்டை. ஒன்றுக்குப் பதில் பத்துப் பெண் புழுக்கள் இருந்தாலும், ஒரே ஒரு தகட்டைப் பார்க்கிறவனுக்கு 100-க்கு 45 தடவை எதுவும் தென்படாது. இதே தகட்டில் உருளைப்புழுவின் விஷயம் முற்றிலும் வேறு. அதன் பெண் ஒரு நாளில் 2,00,000 முட்டை இடுவதால், ஒரே ஒரு புழு இருந்தாலும் அந்த 2 மில்லிகிராமில் இரண்டு மூன்று முட்டைகள் கிடைக்க நியாயமுண்டு. ஆகவே, நேரடி முறை உருளைப்புழுவுக்கு நல்ல முறை, கொக்கிப்புழுவுக்கு மோசமான முறை. இரண்டையும் ஒரே தகட்டில் பார்த்து ஒரே "நில்" எழுதுவது எனக்கு ஒருபோதும் சம்மதமானதல்ல.

கொக்கிப்புழுவைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அது நம் பிரதேசத்தின் பூமியோடும் தொழிலோடும் பிணைந்தது என்பதே. "சிறுவாணித் தண்ணி குடிக்கிற எங்களுக்கு எப்படிங்க பூச்சி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறுவாணியின் புகழுக்குக் குறைவில்லை. ஆனால் நெகேடர் குடிநீரில் வருவதன்று. ஈரமும் நிழலும் இளகிய மண்ணும் உள்ள இடத்தில் முட்டை பொரித்து, புழுக்குஞ்சு ஏறத்தாழ ஒரு வாரத்தில் பக்குவமடைந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. பல்லடம், காங்கேயம் பக்கத்துக் காய்ந்த மேட்டு நிலத்தில் வெயிலே அதற்கு யமன். மேட்டுப்பாளையத்து வாழைத்தோப்பு, கோபிசெட்டிபாளையத்து வாய்க்கால் பாசனம், பொள்ளாச்சி ஆனைமலைத் தென்னந்தோப்பு ஆகிய இடங்களிலெல்லாம் நிழலும் ஈரமும் அதற்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. மழைக்குப் பேர்போன சின்னக்கல்லாறு உள்ள வால்பாறை மலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கங்காணிகள் சமவெளியிலிருந்து அழைத்துப்போன ஜனங்கள் லயங்களில் நெருங்கி வாழ்ந்து, தேயிலைச் செடிகளின் மறைவிலேயே வெளிக்குப் போய், அதே செடிகளிடையே மறுநாள் வெறுங்காலுடன் கொழுந்து கிள்ளிய காலத்தில், கொக்கிப்புழுவுக்கு அதைவிட உகந்த ஏற்பாட்டைத் திட்டமிட்டும் செய்திருக்க முடியாது.

கொக்கிப்புழுவை 1838-ல் மிலான் நகரத்தில் பிரேத பரிசோதனையின்போது முதலில் கண்டவர் ஆஞ்சலோ டுபினி. நெடுங்காலம் அது செத்தவர்களின் குடலில் மட்டும் காணும் வஸ்துவாகவே இருந்தது. உயிரோடிருப்பவனின் மலத்தில் முட்டையைக் கண்டு நிர்ணயிக்கலாம் என்று 1878-ல் இத்தாலியின் கிராஸியும் பரோனாவும் காட்டினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த கோத்தார்டு சுரங்கத்துத் தொழிலாளிகள் சோகை பிடித்து வெளுத்து வீழ்ந்தபோது, இந்தப் புதிய வித்தையைக் கொண்டே காரணம் வெளிப்பட்டது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவர் புழுக்குஞ்சு கலந்த நீரைத் தவறுதலாகத் தம் கையில் சிந்திக்கொண்டு, அவ்விடம் சிவந்து அரித்ததைக் கவனித்து, பிறகு தம்முடைய மலத்தையே பரிசோதித்து வந்து, வாரங்கள் சென்றபின் அதில் முட்டைகளைக் கண்ட கதை பிரசித்தமானது. அக்கதையில் எல்லோரும் வியப்பது தோலைத் துளைக்கும் சாகசத்தை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வாரக்கணக்கான இடைவெளி. புழு உள்ளே இருக்கிறது, வளர்கிறது, ரத்தமும் குடிக்கலாம். ஆயினும் முட்டையிடும் பருவம் வரும்வரை எந்த உருப்பெருக்கியாலும் மலத்தில் அதைக் காண முடியாது.

சென்னை ராஜதானியில் இந்த வித்தை பெரிய அளவில் கையாளப்பட்டது 1920-களில். ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தின் சர்வதேச சுகாதாரக் குழு, டாக்டர் கெண்ட்ரிக் போன்றோர் மூலமாக, அரசாங்கத்தோடு சேர்ந்து கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை இங்கு நடத்தியது. ஆயிரக்கணக்கானவர்களைச் சோதிக்க வேண்டுமென்று வந்தபோது நேரடி முறையின் வறுமை வெளிப்பட்டுவிட்டது. இந்தியன் மெடிகல் சர்வீஸைச் சேர்ந்த கிளேட்டன் லேன் என்பவர் முட்டைகளை மிதக்கவைத்துத் திரட்டும் முறைகளில் நெடுநாள் உழைத்தவர். 1921-ல் வில்லிஸ் என்பவர் வெளியிட்ட மிதவை முறையோ, செலவில்லாத எளிமையால் உலகெங்கும் பரவிற்று. நம் விவசாயிகளுக்கு அதன் தத்துவத்தை விளக்க வேண்டியதே இல்லை. விதை நெல்லை உப்புநீரில் கொட்டிப் பதரை மிதக்கவைத்து வழித்தெறிகிறோம். உப்பு போதுமா என்று பார்க்கக் கோழிமுட்டையை விட்டு அது மிதக்கிறதா என்று கவனிக்கிறோம். வில்லிஸ் செய்ததும் அதுவே. மிதப்பதை எறிவதற்குப் பதில் பத்திரப்படுத்தினார் என்பதுதான் வித்தியாசம். கறியுப்பைக் கரையும்மட்டும் கரைத்த நீரின் ஒப்படர்த்தி 1.20, கொக்கிப்புழு முட்டையினுடையது ஏறத்தாழ 1.06. ஒரு கிராம் மலத்தை அந்த நீரில் நன்கு கலக்கி, சிறு குப்பியின் வாய்விளிம்பு வரை நிரப்பி, மேலே கண்ணாடித் தகட்டைத் தொடும்படி வைத்து, இருபது முப்பது நிமிஷம் கழித்து நேராகத் தூக்கினால், கசடெல்லாம் அடியில் தங்க, முட்டைகள் தகட்டின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வரும். 2 மில்லிகிராமைப் பார்த்த இடத்தில் இப்போது ஒரு கிராமையே பார்த்தவர்களாகிறோம்.

இதற்கும் வரம்பு உண்டு. கருவுறாத உருளைப்புழு முட்டை கனமானது, மிதவாது. நாடாப்புழுவின் முட்டைக்கும் மூடியுள்ள தட்டைப்புழு முட்டைகளுக்கும் இம்முறை லாயக்கில்லை. அவற்றுக்கு நேர்மாறாகப் படியவைக்கும் முறை வேண்டும்: ஃபார்மலினும் ஈதரும் சேர்த்துக் குலுக்கி, சுழற்சி யந்திரத்தில் வைத்து, கொழுப்பும் கசடும் மேலே நிற்க, முட்டைகளை அடியில் திரட்டுவது, 1948-ல் ரிட்சி வகுத்தது. ஈதர் தீப்பற்றும் என்பதால் இப்போது எத்தில் அசிடேட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் புழு உண்டா என்பது பாதிக் கேள்விதான். எத்தனை என்பதே பெரிய கேள்வி. ஒரு நெகேடர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் ரத்தத்தைப் போக்கும். ஐந்து புழு வைத்திருப்பவன் அதை உணரவே மாட்டான். நூறு புழு உள்ள பெண்ணுக்கு மாதம் 90 மில்லிலிட்டர் போகிறது, அதுவும் மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ஏற்கனவே இழப்பவளுக்கு. இதை எண்ணிப் பார்க்கும் வழியை 1923-ல் நார்மன் ஸ்டால் அமைத்தார். 4 கிராம் மலத்தை நீர்த்த காரக்கரைசலில் 60 மில்லிலிட்டர் ஆக்கி, அதில் 0.15 மில்லிலிட்டரில் காணும் முட்டைகளை எண்ணி, நூறால் பெருக்கினால் கிராமுக்கு இத்தனை என்று வரும். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலிருந்த ஆஸா சாண்ட்லர், அந்தப் பத்தாண்டிலேயே முட்டை எண்ணிக்கையைக் கொண்டு நாடெங்கும் கொக்கிப்புழு நிலையை ஆராய்ந்து எழுதினார். தொற்று மிகப் பரவலாயிருந்தும் பல பகுதிகளில் புழுச்சுமை லேசாகவே இருக்கிறது என்பது எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

இங்கே சற்று வழி விலகி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கால்நடை மருத்துவர்கள் ஆட்டுப் புழுக்கையைக் கரைத்து, ஆஸ்திரேலியாவில் 1939-ல் செம்மறிகளுக்கென வகுத்த மக்மாஸ்டர் கண்ணாடி அறையில் இட்டு, கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணி மருந்து சொல்வது சாதாரண நடைமுறை. வெள்ளாட்டுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, அதை மேய்க்கிறவனின் ரிப்போர்ட்டில் கிடைப்பது அரிது. அவனுக்கு "உண்டு" அல்லது "நில்" என்ற ஒரு வார்த்தையோடு சரி.

மனிதர்களுக்கு இன்று உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்வது கேட்டோ–காட்ஸ் முறை. 1954-ல் ஜப்பானில் கேட்டோ தொடங்கிவைத்ததை 1972-ல் பிரேசிலில் காட்ஸ் குழுவினர் அளவுக்கு உட்படுத்தினார்கள். மலத்தைச் சல்லடையில் அழுத்திக் கசடு நீக்கி, 41.7 மில்லிகிராம் மட்டும் கொள்ளும் துளையுள்ள அச்சில் நிரப்பி, தகட்டில் வைத்து, கிளிசரினும் பச்சைச் சாயமும் ஊறிய செலோஃபேன் துண்டால் மூடிக் கவிழ்த்து அழுத்துவார்கள். எண்ணியதை 24-ஆல் பெருக்கினால் கிராமுக்கு உரிய தொகை. கொக்கிப்புழுவில் 2,000-க்குக் கீழ் லேசு, 4,000-ம் அதற்கு மேலும் கடுமை. உருளைப்புழுவுக்கு இந்த எல்லைகளே 5,000, 50,000 என்று உயர்ந்துவிடும். நாம் முன்பு கொண்ட ஒற்றைப் பெண் நெகேடருக்கு இந்தத் தகட்டில் சராசரி 1.67 முட்டை கிடைக்க வேண்டும். நேரடி முறையைவிட இருபது மடங்குக்கு மேல்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிளிசரின் மலத்தை ஊடுருவி ஒளி புகும்படி தெளியவைப்பதால்தான் நமக்கு முட்டை தெரிகிறது. ஆனால் மெல்லிய ஓடுடைய கொக்கிப்புழு முட்டையை அந்தக் கிளிசரின் விட்டுவைப்பதில்லை. அரை மணி முதல் ஒரு மணிக்குள் பார்க்காவிட்டால் அதுவும் தெளிந்து மறைந்துபோகும். தடித்த ஓடுள்ள உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகளோ அசையாமல் இருக்கும். காலையில் நாற்பது தகடுகளைத் தயாரித்து வைத்துவிட்டு, உணவுக்குப் பின் நிதானமாக உட்கார்ந்து எண்ணுகிற ஆய்வுக்கூடத்தில், ஊரில் உருளைப்புழு உண்டு, கொக்கிப்புழு இல்லை என்ற சித்தாந்தம் தானாகவே ஸ்தாபிதமாகிவிடும்.

மறுபுறம், மாதிரியைக் கொண்டுவருவதிலும் காலம் விளையாடுகிறது. தீப்பெட்டியிலும் பால்பவுடர் டப்பாவிலும் அடைத்து, பஸ்ஸில் பாதி நாள் பயணம் செய்து, மேசைமேல் ஓர் இரவு கிடந்த மாதிரியில், நம் உஷ்ணத்துக்குக் கொக்கிப்புழு முட்டை பொரித்துக் குஞ்சு நெளியும். அதைக் கண்டு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று எழுதிவிடுவது சுலபம்; ஏனெனில் அந்தப் புழு ஒன்றுதான் புது மலத்திலேயே முட்டையாக இல்லாமல் குஞ்சாக வெளிவருவது. வாய்க்குழி நீண்டிருந்தால் கொக்கிப்புழு, குறுகியிருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று பேதம் பார்க்க வேண்டும். இது வெறும் வித்வத் விவகாரமன்று. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் உடம்புக்குள்ளேயே பெருகிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு வேறொரு வியாதிக்காக ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அது கட்டுக்கடங்காமல் பெருகிப் பிராணனுக்கே ஆபத்தாகும். அதற்கு உப்புநீரும் உதவாது, கேட்டோவும் உதவாது. வெதுவெதுப்பான நீரை நாடிக் குஞ்சுகள் தாமே இறங்கிவரும்படி செய்யும் பேர்மன் புனல் முறை அல்லது அகார் தட்டில் வளர்க்கும் முறை வேண்டும். கேட்டுச் செய்விக்க வேண்டிய பரிசோதனை; கேட்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

பூச்சி அல்லாததைப் பூச்சியாகக் காண்பதும் உண்டு. வாழைப்பழத்தின் நாரைச் சிறு புழுக்கள் என்று பதறிப்போய்க் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருகிறவர்கள் நம் ஊரில் அதிகம். உருப்பெருக்கியின் அடியில் மகரந்தத் துகள் முட்டை வேஷமும், செடியின் ரோமம் புழுக்குஞ்சு வேஷமும் போடும். பழகாத கண் ஏமாறும்.

நாடாப்புழுவில் முட்டையைக் கொண்டு மாட்டிறைச்சி வகையா பன்றியிறைச்சி வகையா என்று சொல்ல முடியாது; வெளிவந்த கண்டத்தினுள் கர்ப்பப்பைக் கிளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பதின்மூன்றுக்கு மேற்படாவிட்டால் பெரும்பாலும் பன்றி வகை. அதன் முட்டை வயிற்றுக்குள் போனால் மூளையில் நீர்க்கட்டியாகி வலிப்பை உண்டாக்கும் என்பதால் இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு.

கீரிப்பூச்சியின் விஷயத்தில் மலப் பரிசோதனையே அநேகமாக வியர்த்தம். அதன் பெண் இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து தோலில் முட்டையிட்டுச் செல்வதால், மலத்தில் தேடுகிறவனுக்கு நூற்றில் ஐந்து பத்துப் பேரிடமே அது அகப்படும். 1941-ல் கிரஹாம் சொன்ன வழி, பிள்ளை காலையில் எழுந்ததும், கால் கழுவுமுன், ஒட்டும் டேப்பை அவ்விடத்தில் அழுத்தியெடுத்து அப்படியே தகட்டில் ஒட்டிக் கொண்டுவருவது. ஒருபுறம் தட்டையான அந்த முட்டை கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். இதில் ஆய்வுக்கூடத்துக்காரனைவிடத் தாய்க்கே வேலை அதிகம்; பல் கடிப்பதைக் கவனித்த அவளுடைய கண்ணுக்கு இதுவே தக்க பணி.

இனி நாட்டளவிலான விஷயத்துக்கு வருகிறேன். 2015 பிப்ரவரி 10-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளின்படி, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரையைப் பரிசோதனையின்றியே கொடுக்கிறார்கள். "சோதிக்காமல் மருந்தா?" என்று சிலர் கோபிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் சோதிக்கும் செலவு மாத்திரையின் விலையை எத்தனையோ மடங்கு தாண்டும். ஆகையால் நான் கோபிப்பதில்லை. ஆனால் மாத்திரை தேவையா, ஆண்டுக்கு எத்தனை முறை என்பதை ஊரளவில் தீர்மானிப்பது பரிசோதனைதான். தொற்று 20 சதவீதத்தைத் தொட்டால் ஆண்டுக்கு ஒரு முறை, 50-ஐத் தொட்டால் இரு முறை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. உண்மையில் 30 சதவீதம் உள்ள ஒரு மலைக்கிராமத்தில், பாதியைத் தவறவிடும் முறையைக் கையாண்டால் 15 என்று வரும். அந்தக் கிராமம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். தவறு செய்தவர் என்று யாரையும் சுட்ட முடியாது. தகடு பார்த்தவர் கண்டதைத்தானே எழுதினார்?

மருந்து கொடுக்கக் கொடுக்க இந்தச் சிக்கல் முற்றுகிறது. புழுச்சுமை குறைந்தவர்களிடம் முட்டையும் குறையும். கனத்த தொற்றுக்காக ஏற்பட்ட முறை, அந்தத் தொற்று மெலிந்ததும் குருடாகிறது. ஜவ்வாது மலையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டபோது ஏறத்தாழ 39 சதவீதத்தினரிடம் மண்வழிப் புழுக்கள் காணப்பட்டன. அநேகமாக எல்லாம் கொக்கிப்புழு. பின்னர் அங்கும் திமிரியிலும், குழந்தைகளோடு நிறுத்தாமல் ஊரிலுள்ள அனைவருக்கும் மருந்து கொடுத்துத் தொற்றின் சங்கிலியையே அறுக்க முடியுமா என்று பார்க்கும் டீவார்ம்3 என்னும் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அத்தகைய முயற்சியில் தகட்டை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதால் பி.சி.ஆர். முறையை நாடுகிறார்கள். சிறு மணிகளோடு குலுக்கி முட்டையோட்டை உடைத்து, உள்ளிருக்கும் மரபணுப் பொருளைப் பிரித்து, யந்திரத்தில் பன்மடங்காகப் பெருக்கி அறிவது. தகட்டில் ஒன்றுபோல் தோன்றும் கொக்கிப்புழு வகைகளான நெகேடர், ஆங்கைலோஸ்டோமா, நாயிடமிருந்து மனிதனுக்கு வரும் சிலோனிக்கம் ஆகியவற்றை அது வேறு வேறாகப் பிரித்துச் சொல்லும். விலை அதிகம், மின்சாரமும் குளிர்பெட்டியும் தேர்ந்த கைகளும் வேண்டும்; வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நாளைக்கே வைக்கக்கூடிய சாதனமன்று. அங்கே உப்பும் குப்பியும் ஓர் உருப்பெருக்கியும், மாதிரியை அன்றே பார்க்கும் ஒழுங்கும் இருந்தால் எவ்வளவோ செய்யலாம். ஒரு நாள் இல்லையென்று வந்தால் வேறு இரண்டு நாள் மாதிரியையும் கேட்டு வாங்கலாம். எழுதும் தாளில் முறையின் பெயரையும் கிராமுக்கு உரிய எண்ணிக்கையையும் ஒரு வரி சேர்க்கலாம். இதற்கெல்லாம் புதிய யந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பக்கத்து அறையில் மூன்று உருப்பெருக்கிகளை வைத்திருக்கிறோம். முதலாவதில் சாட்டைப்புழுவின் முட்டை, இரண்டாவதில் உருளைப்புழுவினுடையது. மூன்றாவதில் இருப்பது நான் மேடையேறுவதற்குச் சற்று முன் கேட்டோ முறையில் தயாரித்த கொக்கிப்புழுத் தகடு. பேச்சு நீண்டுவிட்டபடியால் அதற்கு இனி அதிக நேரமில்லை. வரிசையைப் பார்க்காமல் எல்லோரும் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். மற்ற இரண்டும் நாளைக்கும் அப்படியே இருக்கும்.